ஆறு டம்ளர் பால்

என் கணவருக்கு வயிற்றில் அல்சர் என்று டாக்டர் சொன்ன அன்று நான் அழவில்லை, அட்டவணை போட்டேன். பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போட்டுப் போட்டே பழகிய கை. வகுப்புக்கு மணி குறிப்பது போல அவருக்கும் குறித்தேன். காலை ஆறு, எட்டரை, பதினொன்று, மதியம் மூன்று, மாலை ஆறரை, அப்புறம் படுக்கப் போகுமுன் ஒன்று. ஒவ்வொரு மணிக்கும் ஒரு டம்ளர் பால். பச்சை மையில் எழுதி, சமையலறைக் கதவில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டினேன். அந்தத் தாள் ஆறு வருடம் அங்கேயே இருந்தது.

டாக்டர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த அந்தப் பெரியவர், "கொஞ்ச நாளைக்குக் காரத்தைக் கொறைங்க, வயித்தைக் காலியா விடாதீங்க, எரிஞ்சா பால் குடிங்க" என்றுதான் சொன்னார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியிலேயே அல்சருக்குப் பால்தான் வைத்தியம் என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னது மட்டும் என் மனதில் ஆணி அடித்தது போல நின்றுவிட்டது. பால் நல்லது, நல்லதை எவ்வளவு கொடுத்தாலும் நல்லது. இவ்வளவுதான் நான் யோசித்தது.

என் கணவர் தேங்காய் வியாபாரி. செம்பட்டிப் பக்கத்துத் தோப்புகளில் காய் எடுத்து, குடோனில் உரித்து, லாரி ஏற்றி விடுகிறவர். காலையில் ஒரு டீ, பத்து மணிக்கு இன்னொரு டீ, சாப்பாடு ஞாபகம் வந்தால் நாலு மணிக்கு, அதுவும் கடையில் காரசாரமாக. அல்சர் அதனால்தான் வந்தது என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார்கள்.

அவருக்குப் பால் என்றாலே ஆகாது. அந்த வாசனைக்கே முகத்தைச் சுளிப்பார். என்னை அவர் கூப்பிடுவது 'டீச்சர்' என்றுதான், பாதி மரியாதை, பாதி கிண்டல். முதல் நாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், என்னையப் பாத்தா கன்னுக்குட்டி மாதிரியா இருக்கு?" என்றார். நான் அசையவில்லை. கடைசியில் பேரம் பேசினார்.

"ஒரு டம்ளர் பாலுக்கு ஒரு வெத்தலை. வாயில ஒட்டுற அந்தப் பால் வழவழப்பு போகணும்ல. சரின்னா குடிக்கேன், இல்லன்னா ஆளை விடு."

புகையிலை கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன். வெற்றிலை செரிமானத்துக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து நானேதான் மடித்துக் கொடுத்தேன். காம்பு கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடிப்பேன். "சுண்ணாம்பு செத்தத் தூக்கலா" என்பார். தூக்கலாகவே தடவினேன். காலையில் அவர் பைக்கில் கிளம்பும்போது, பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஆன பாலை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, கூடவே இரண்டு வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைப்பேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அவரவர் வேலை என்று ஓடியதுதான் மிச்சம். அவருக்காக நான் உட்கார்ந்து பக்குவமாகச் செய்தது அந்த ஆறு வெற்றிலைதான்.

சனிக்கிழமைகளில் பள்ளி இல்லாதபோது அந்த ஃபிளாஸ்க்கை நானே பையில் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். அங்கே ஒரு நாய் உண்டு, செவலை. பஸ்ஸை விட்டு இறங்கி நான் கேட்டுக்குள் கால் வைத்ததும் எங்கிருந்தாலும் ஓடிவந்து, என் பையை மோந்து, வாலை ஆட்டோ ஆட்டென்று ஆட்டும். எனக்கு நாய் என்றால் பயம். இருந்தாலும் இவ்வளவு பேர் இருக்க என்னிடம் மட்டும் இத்தனை பாசமா என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். நாய் என்றால் சும்மா இல்லை, பளபளவென்று, கன்றுக்குட்டி மாதிரி. "தேங்காச் சில்லைத் தின்னே இம்புட்டுக் கொழுத்துப்போச்சு" என்பார் அவர்.

பால் குடித்ததும் எரிச்சல் அடங்கும், அதில் பொய் இல்லை. அரை மணி, முக்கால் மணி. அப்புறம் முன்னைவிட அதிகமாக எரியும். மெடிக்கலில் கேட்டபோது சப்பிச் சாப்பிடுகிற வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். சீட்டெல்லாம் கேட்கவில்லை, நாங்களும் காட்டவில்லை. அதுவும் பழகிப்போய் மிட்டாய் மாதிரி சட்டைப் பையிலேயே கிடந்தது. நான் என் பங்குக்குப் பசும்பாலை நிறுத்திவிட்டு எருமைப்பாலுக்கு மாறினேன். கெட்டியாக இருந்தால் புண்ணில் நன்றாகப் படியும் என்று நினைத்த அறிவாளி நான்.

நாலாவது வருடத்திலிருந்து ஆள் மாற ஆரம்பித்தார். முதலில் சட்டைகள் இறுக்கமாயின. அப்புறம் சோர்வு. ஓயாத தாகம், ஓயாமல் பாத்ரூம். மலச்சிக்கல் என்று காலையில் அரை மணி நேரம் உள்ளேயே இருப்பார். கோயில் படி ஏறினால் பாதியில் நின்றுவிடுவார். சர்க்கரை வந்துவிட்டது என்று பயந்து டெஸ்ட் எடுத்தோம். இல்லை என்று வந்தது. நிம்மதியாகி, தெம்பு இல்லாமல்தான் இப்படி இருக்கிறார் என்று நினைத்து டம்ளரைப் பெரிதாக மாற்றினேன்.

இதில் ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் வேதக்காரர்கள். தவக்காலத்தில் ஆளுக்கு ஒன்றை விடுவது எங்கள் வீட்டு வழக்கம். நான் கவிச்சியை விடுவேன். அவர் சாம்பல் புதனன்று வெற்றிலைச் செல்லத்தை மூடினால் ஈஸ்டருக்குத்தான் திறப்பார். பால் மருந்து என்பதால் அதை மட்டும் விட நான் சம்மதிக்கவில்லை. வெற்றிலை இல்லாமல் குடிக்க அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் ஆள் தெளிந்துவிடுவார். தாகம் குறையும். ஈஸ்டர் பூசைக்குப் புதுச் சட்டையோடு படியேறி, வழியில் பார்ப்பவர்களையெல்லாம் கிண்டல் செய்துகொண்டு போவார். அப்புறம் ஒரு மாதம் போனால் பழையபடி சுருண்டுவிடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் நான் சிலுவைப்பாதை செய்ததன் பலன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சர்களிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை, "லாரி போயிருச்சா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். பத்து நிமிடத்தில் மறுபடி கேட்டார். நாலாவது முறை கேட்டபோதுதான் காலண்டரைப் பார்த்தேன். அன்று லாரியே இல்லை, ஞாயிற்றுக்கிழமை. நானும் பதற்றத்தில் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு வாந்தி. ஆட்டோவில் ஏற்றித் திண்டுக்கல்லிலேயே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கிட்னி சரியில்லை, மதுரைக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மதுரையில் கிட்னி டாக்டர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, கிட்னி பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்றார். ரத்தத்தில் கால்சியம் இருக்க வேண்டியதைவிட ரொம்ப அதிகம், அது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். "எலும்புல கட்டி கிட்டி இருந்தாலும் இப்படி ஏறும். எல்லாத்தையும் பாத்துருவோம். கிட்னி இதுக்கு மேல எறங்குனா டயாலிசிஸ் போக வேண்டி வரும்."

கட்டி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது? ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில், "அம்மா, நான் என் கிட்னியக் குடுக்கேன்மா" என்று அழுதாள். "உன் கிட்னி உன்கிட்டயே இருக்கட்டும். நான் ஒருத்தி இருக்கேன்ல" என்றேன்.

என்ன சாப்பிடுகிறார், என்ன மருந்து என்று டாக்டர் கேட்டபோது மட்டும் எனக்குத் தைரியம் வந்தது. அது என் பாடம். அட்டவணையை மணி தவறாமல் ஒப்பித்தேன். வெள்ளை மாத்திரையையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆறு வருஷமாவாம்மா?"

"ஒரு நாள் கூட விட்டதில்லை டாக்டர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பொறுமையாகச் சொன்னார். பாலிலும் கால்சியம், அந்த வெள்ளை மாத்திரையும் கால்சியம், இரண்டும் வருடக்கணக்கில் சேர்ந்தால் ரத்தத்தில் ஏறிக் கிட்னியைக் கெடுக்கும். பாலை வைத்தியமாகக் கொடுத்த காலத்திலேயே இப்படிக் கெட்டுப்போனவர்கள் உண்டாம். அதுவும் போக, பால் புண்ணை ஆற்றாது. முதலில் அடக்கிவிட்டு, அப்புறம் வயிற்றில் அமிலத்தை இன்னும் சுரக்க வைக்கும். ஆடை கட்டிய பால் ஆறு டம்ளர் என்றால் கொழுப்பு வேறு, நெஞ்சுக்கும் நல்லதில்லை. அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் காரம் இல்லை, ஒரு கிருமி. குழாய் விட்டுப் பார்த்து, இருந்தால் இரண்டு வாரம் மாத்திரை போட்டால் போய்விடும்.

இரண்டு வாரம்! ஆறு வருடமாக விடியற்காலையில் எழுந்து பால் காய்ச்சியவள் நான். எதிரி யாராவது செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். செய்தது நான். டம்ளரை நீட்டி, கடைசிச் சொட்டு வரை குடிக்கிறாரா என்று நின்று பார்த்ததும் நான்.

ஐந்து நாள் வார்டில் வைத்து குளுக்கோஸ் பாட்டிலாக ஏற்றினார்கள். கால்சியம் இறங்கியது. பேச்சு தெளிந்தது. குழாய் விட்டுப் பார்த்ததில் கிருமியும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கதவிலிருந்த அட்டவணையைக் கிழித்தேன். பால்காரரிடம் எருமைப்பால் வேண்டாம் என்று சொன்னேன். வெள்ளை மாத்திரை அத்தனையையும் குப்பையில் கொட்டினேன். இரண்டு வார மாத்திரை முடிவதற்குள் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. மாதாவுக்கு மெழுகுவர்த்தி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் திரும்ப ஏறியிருந்தது.

டாக்டர் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுப்பாடத்தைக் காப்பியடித்துவிட்டு இல்லை என்கிற பிள்ளைகளை நான் பார்க்கிற பார்வை அது. பால் சொட்டுக்கூட இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தேன். அவர் நம்பினார். நம்பியதுதான் ஆபத்தாகப் போயிற்று. "அப்ப வேற காரணம் இருக்கணும். உடம்பு முழுக்க ஸ்கேன் பண்ணி எங்கயாவது கட்டி இருக்கான்னு தேடணும். எலும்புக்குள்ள ஊசி விட்டும் பாக்க வேண்டி வரலாம்" என்றார். என் கணவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எழுதப் போன டாக்டர், ஏதோ தோன்றி நிமிர்ந்தார். "இந்த ஆறு வருஷத்துல எப்பவாவது தானா நல்லா ஆயிருக்காராம்மா?"

"ஈஸ்டருக்கு நல்லா இருப்பார் டாக்டர்" என்றேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "ஈஸ்டருக்கா?"

"தவக்காலம் பாதி போனதுமே தெளிஞ்சிருவார். வருஷா வருஷம்."

"தவக்காலத்துல சாப்பாட்டுல என்ன மாத்துவார்?"

மேசைக்கு அடியில் என் காலை ஒரு கால் மிதித்தது. காரணம் சொல்ல வேண்டும். மதுரைக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அவரை உப்புப் போட்டு இரண்டு தடவை பல் விளக்க வைத்தது நான்தான். சிவப்பு முழுக்கப் போகாது, பழைய கறை என்று நினைக்கிற அளவுக்குப் போகும். வெற்றிலை போட்டால் வாயில் புற்றுநோய் வரும் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு டீச்சர் வீட்டுக்காரர் அந்தப் படத்தைத் தாண்டிச் சிவந்த வாயோடு போகலாமா? வார்டில் வெற்றிலைக்குத் தடை, அதனால் ஐந்து நாளும் போடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகோ, பாலைத்தான் நிறுத்திவிட்டோமே, பாவம், இதையாவது போடட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறு, பத்தாகிப் பன்னிரண்டாகியிருந்தது.

கால் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது. பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்திருக்கிறேன் நான். வாயைத் திறந்தேன்.

"வெத்தலைய விடுவார் டாக்டர்."

"சுண்ணாம்போடயா போடுவார்?"

"சுண்ணாம்பு தூக்கலா. நான்தான் தடவிக் குடுப்பேன்." எவ்வளவு என்று கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். "ஒரு நாளைக்குப் பன்னெண்டு."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சுண்ணாம்பு என்பதே கால்சியம்தானே அம்மா என்றார். பாலோடும் மாத்திரையோடும் அதுவும் சேர்ந்துதான் இவ்வளவும் செய்திருக்கிறது. பாலை நிறுத்தியும் ஏறியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, ஸ்கேன் இருக்கட்டும், முதலில் இதை நிறுத்திப் பார்ப்போம். "இத்தனை நாள் ஏம்மா சொல்லல?"

"சாப்பாடு என்னன்னு கேட்டீங்க, மருந்து என்னன்னு கேட்டீங்க. வெத்தலை ரெண்டுலயும் சேத்தி இல்லையே டாக்டர்."

நான் நியாயமாகத்தான் சொன்னேன். அவர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் என் கணவர், "மானத்தை வாங்கிட்டியே டீச்சர்" என்றார். "மானம் போனாப் போகுது, கிட்னி இருக்கட்டும்" என்றேன். வீட்டுக்கு வந்து சுண்ணாம்பு டப்பாவை நானே கழுவிக் கவிழ்த்தேன்.

அடுத்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அது சுண்ணாம்பாகவே இருக்க வேண்டும், வேறொன்றாக இருந்துவிடக் கூடாது என்று வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றபடி வேண்டிக்கொண்டேன். ரிசல்ட் வந்தது. கால்சியம் சரியாக இருந்தது. மாதம் கழித்து எடுத்தபோதும் ஏறவில்லை, கிட்னியும் நன்றாகத் தேறியிருந்தது. கட்டி தேடுகிற வேலை இல்லை, டயாலிசிஸ் என்ற பேச்சே வேண்டாம் என்றார் டாக்டர். பழையபடி முழுசாக வராது, கொஞ்சம் சேதம் நிற்கத்தான் செய்யும், கண்ட மாத்திரையை வாங்கிப் போடாமல் வருடத்துக்கு இரண்டு முறை டெஸ்ட் எடுத்தால் போதும் என்றார். "வயித்துல பாலை வாத்தீங்க டாக்டர்" என்று சொல்ல வந்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷத்தில் மூக்கு ஒழுகியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"ஒண்ணுதான் எனக்கு ஆச்சரியம்" என்றார் டாக்டர். "ஆறு டம்ளர், ஆறு வெத்தலை, மேல மாத்திரை. ஆறு வருஷத்துக்கு இந்தக் கிட்னி இன்னும் மோசமாப் போயிருக்கணும். ஏதோ நல்ல நேரம்."

திண்டுக்கல் பஸ்ஸில் என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சின்னாளப்பட்டி வரும்போது தொண்டையைக் கனைத்தார்.

"டீச்சர், ஒண்ணு சொன்னாத் திட்டக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்தப் பதினோரு மணிப் பாலும் மூணு மணிப் பாலும் நான் குடிக்கல."

"எம்புட்டு நாளா?"

"மொத வாரத்துல இருந்தே."

"அப்ப ஃபிளாஸ்க்கு காலியா வந்துச்சே?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நாய்க்கு ஊத்துனேன்."

வேறு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே பஸ்ஸை நிறுத்தியிருப்பேன். ஆறு வருடம், ஞாயிறு தவிர நாளுக்கு இரண்டு டம்ளர். எருமைப்பால். அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காலி ஃபிளாஸ்க்கை என் கையில் கொடுத்து, "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்று சொன்ன மனிதர். எனக்குக் கோபம் வரும் என்று நானே காத்திருந்தேன். வரவில்லை. மூன்றில் ஒரு பங்கை அவர் குடிக்கவே இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. நான் ஊற்றியதெல்லாம் அவருக்குள் போகவில்லை. சிரித்தேன், அழுதேன், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சரி, அந்த ரெண்டு வெத்தலை?" என்றேன்.

"அதை மட்டும் போட்டுக்கிட்டேன். பேச்சுன்னாப் பேச்சுதானே."

இனிமேல் தவக்காலத்துக்கு எதை விடுவீர்கள், விட வெற்றிலையும் இல்லையே என்று கேட்டேன். "பொய்யை விட்டுர்றேன்" என்றார். "நாப்பது நாளைக்குத்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை குடோனுக்குப் போனேன். செவலை ஓடிவந்து பையை மோந்தது. அதன் பாசம் எதன் மேல் என்று தெரிந்த பிறகும் எனக்கு அதன் மேல் வருத்தமில்லை. பையில் பால் இல்லை, ஆறு வருடம் குடித்த அதன் கிட்னியை யார் பார்ப்பது? சோறும் கறியும் பிசைந்து கொண்டுபோயிருந்தேன். இலையில் வைத்ததும் தின்ன ஆரம்பித்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முதல் முறையாக அதன் தலையில் கை வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. அது தின்று முடிக்கும் வரை கையை எடுக்கவில்லை.